கோட்டா முடியாத மாதத்தை எப்படிக் கடப்பது

பல் டாக்டர் படிப்பான பிடிஎஸ்ஸில் மூன்றாம் வருஷம் ரெக்கார்டு நோட்டைக் கையில் கொடுக்கும்போதே வயிறு கலங்கும். இத்தனை ஸ்கேலிங் (பல்லைச் சுத்தம் செய்வது), இத்தனை ஃபில்லிங், இத்தனை எக்ஸ்ட்ராக்‌ஷன் (பல் பிடுங்குவது) என்று வரிசையாகக் காலிக் கட்டங்கள். அத்தனையையும் நிரப்பிக் காட்டவேண்டும், அதுதான் கோட்டா. எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கலக்கம் மாறாது. நான் இப்போது சிஆர்ஐ, அதாவது படிப்பின் கடைசியில் வரும் பயிற்சி டாக்டர். ஹாஸ்டலில் ஜூனியர்கள் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பல்செட் பேஷண்டைப் பிடியுங்கள். ஸ்கேலிங் ஒரே நாளில் முடிந்துவிடும். கம்ப்ளீட் டென்ச்சர் என்னும் முழு பல்செட்டுக்கு முதல் அளவு, இரண்டாம் அளவு, ஜா ரிலேஷன் (மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் நிலையைக் குறிப்பது), ட்ரை-இன் (மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது), கடைசியில் செட்டைப் போட்டுவிடுவது என்று ஒரே ஆள் ஐந்து முறையாவது வரவேண்டும். கேம்ப் வேனில் வந்த என் முதல் தாத்தா ஜா ரிலேஷன் வரை வந்தார். அப்புறம் ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மகள் எடுத்தார்: "அறுப்பு நடக்குதும்மா, அப்பா களத்துல கெடக்காரு."

அன்றிலிருந்து முதல் நாளே கேட்டுவிடுவேன். ஊரில் அறுப்பு எப்போது, திருவிழா எப்போது, யார் கூட்டிவருவார்கள், எந்த பஸ். வீட்டில் இன்னொருவர் நம்பரும் வாங்கிக்கொள்வேன். ஒருவர் நின்றுபோனாலும் இன்னொருவர் இருக்கட்டும் என்று ஒரு வார இடைவெளியில் இரண்டு பேரை ஆரம்பிப்பேன். பஸ் காசு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறேன். ஆனால் "எனக்காக வாங்க தாத்தா" என்று கெஞ்சியதைவிட, "அடுத்த தடவை மெழுகுல பல்லு அடுக்கி உங்க வாயில வெச்சுப் பாப்போம், கண்ணாடில நீங்களே பாக்கலாம்" என்று சொன்னதுதான் ஆளை வரவழைத்தது.

எக்ஸ்ட்ராக்‌ஷன் அன்று கை நடுங்கும். நடுக்கத்தோடு சண்டை போடாதீர்கள், செய்யவேண்டியதை வரிசைப்படுத்துங்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா? பேஷண்ட் சாப்பிட்டாரா? சுகர், பிபி மாத்திரை போட்டாரா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டால் உதடு தடித்த மாதிரி இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லும்வரை பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸைத் தொடாதீர்கள். மயக்கம் போட்டால் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, சேரைச் சாய்த்து, காலை உயர்த்தி, ஸ்டாஃபைக் கூப்பிடுங்கள். இதை முந்தின ராத்திரி ரூம்மேட்டைப் படுக்கவைத்து ஒருமுறை செய்து பார்த்தேன். பாதி பயம் அங்கேயே இறங்கிவிட்டது.

பேஷண்ட் முன்னால் திட்டு வாங்குவதற்கு என்னிடம் மருந்து கிடையாது. முதல் வருஷம் மூன்று ராத்திரி மெழுகில் செதுக்கிய மேல் கோரைப்பல்லைப் பார்த்து ஒரு மேம், "சுரைக்காய் மாதிரி இருக்கு" என்றார். பாத்ரூமில் அழுதேன். அப்புறம் போய் "எந்தப் பக்கம் மேம் தப்பு?" என்று கேட்டேன். பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இப்போதும் திட்டு விழுந்தால் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்.

பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பை ம்யூட்டில் போடுங்கள். அடுத்தவள் எத்தனை கேஸ் முடித்தாள் என்று பார்த்தால் உங்கள் கட்டம் நிரம்பாது. ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், மேல் கடைவாய்ப் பல்லைக் கண்ணாடியில் பார்த்து வேலைசெய்யப் பழகுங்கள். கழுத்துவலியோடு படுத்தால் தூக்கம் வராது, தூங்காத கை மறுநாள் இன்னும் நடுங்கும்.

இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது கோட்டா பிரச்சினை இல்லை. ரூம்மேட்டிடம் அன்றைக்கே சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் ஒருமுறை ஹாஸ்டலில் துணி காயப்போடும் இடத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். மறுநாள் போஸ்டிங்குக்குப் போகவில்லை. அந்த ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போனதற்கு ஒன்றும் ஆகவில்லை.