லினக்ஸ் பெட்டிக்கு மோடம் வாங்குறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

பழைய பென்டியம் பெட்டிய தூசி தட்டி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ போட்டு, அந்தக் காலத்துல எப்படி நெட் கனெக்ட் பண்ணாங்களோ அப்படியே பண்ணிப் பாக்கணும்னு இப்ப நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அவங்க வாங்கிட்டு வந்து நிக்கிற சாமானப் பாத்தா, 90-களோட கடைசியில எல்லாரும் எந்தக் குழியில விழுந்தாங்களோ அதே குழியில வரிசையா விழுந்துட்டு இருக்காங்க. போன் வயர தப்பான ஓட்டையில சொருகுறது, பாஸ்வேர்ட தப்பா அடிக்கிறது, இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது அஞ்சு நிமிஷத்துல தானா தெரிஞ்சிடும். காசக் கொடுத்து வாங்கி, மாட்டி, ஸ்க்ரூவும் முடுக்கினதுக்கு அப்புறம் தெரியவர்றது இருக்கே, அதுதான் வயித்தெரிச்சல்.

மோடம்னு நெனச்சு மோடம் இல்லாதத வாங்குறது

இன்னிக்கும் எனக்குக் கோவம் வர்ற விஷயம் இதான், கொஞ்சம் நீளமாவே போகும்.

ஒழுங்கான மோடத்துல ரெண்டு வேலை நடக்குது. போன் லைன்ல வர்ற சத்தத்த பிட்டா மாத்துறது ஒண்ணு, அதுக்கு ஒரு டிஎஸ்பி சிப். ஏடி கமாண்ட் (ஏடி-ன்னு ஆரம்பிக்கிற, மோடத்துக்குக் கொடுக்கிற உத்தரவு) கேக்குறது, தப்பு திருத்துறது, டேட்டாவ சுருக்குறது இன்னொண்ணு, அதுக்கு ஒரு கண்ட்ரோலர். கம்ப்யூட்டருக்கு அது வெறும் சீரியல் போர்ட்தான் (பிட்ட ஒண்ணொண்ணா வரிசையா அனுப்புற போர்ட்), ஏடிடிடி-ன்னு அடிச்சு பின்னாடி நம்பரப் போட்டா டயல் பண்ணும், அந்தப் பக்கம் ஓடுறது எந்த சிஸ்டம்னு அதுக்குத் தெரியவே வேணாம். அப்புறம் செலவக் குறைக்கணும்னு கண்ட்ரோலரத் தூக்குனாங்க, அடுத்து டிஎஸ்பியையும் தூக்குனாங்க, கார்டுல மிச்சம் இருந்தது போன் லைனத் தொடுற சர்க்யூட்டும் கூட ஒரு சின்ன சிப்பும்தான். மத்த வேலை அத்தனையும் விண்டோஸ் டிரைவர் உங்க சிபியு தலையில கட்டிடும். வண்டி வாங்கினா இன்ஜின் இல்ல, உங்க வீட்டு மாட்டப் பூட்டி ஓட்டிக்கங்கன்னு சொல்ற மாதிரி. இதத்தான் வின்மோடம்னு சொல்றது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன ஆபீஸ். ஒரே போன் லைன், எல்லா மெஷினுக்கும் நெட் வேணும். ஒரு லினக்ஸ் பெட்டி டயல் பண்ணட்டும், அங்கேர்ந்து மாஸ்கரேட் போட்டு (ஒரே ஐபி முகவரிக்குப் பின்னாடி எல்லா மெஷினையும் ஒளிச்சு வச்சு) எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்துடலாம்னு பேச்சு. வெளில வைக்கிற சீரியல் மோடம்தான் வேணும்னு நான் சீட்டுல எழுதியே கொடுத்தேன். வாங்கப் போன தம்பி கடைக்காரர் பேச்சக் கேட்டு, "இதுவும் 56கே தான்ணே, மேசையில எடம் அடைக்காது, வெலையும் பாதி"ன்னு கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற பிசிஐ கார்டு ஒண்ணோட வந்து நிக்கிறாரு. மாட்டியிருக்கிற பிசிஐ கார்டையெல்லாம் பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்ட் போட்டுப் பாத்தா 'கம்யூனிகேஷன் கண்ட்ரோலர்'னு ஒரு வரி. சீரியல் போர்ட்டோட நேராப் பேசுற மினிகாம் புரோகிராமத் தொறந்து ஏடி அடிச்சா ஓகேன்னு பதில் வரணும். ஒண்ணும் வரல, கர்சர் மட்டும் கண்ணடிச்சுட்டு இருக்கு. கடையில கேட்டா, விண்டோஸ்ல ஓடுதே, பழுது இல்லையே, எதுக்குத் திருப்பி எடுக்கணும்னாங்க.

தேடித் தேடி அந்த சிப்புக்கு ஒரு டிரைவரும் கெடச்சுது, பாதி சோர்ஸ், பாதி மூடின பைனரி. ஓடுச்சு. சரி தொலையுதுன்னு விட்டா, மாசக் கடைசியில அந்தப் பெட்டியிலயே ரிப்போர்ட் ஓட்டுவாங்க, சிபியு நூறுக்குப் போகும், லைன்ல வர்ற சத்தத்தோட சாம்பிள நேரத்துக்கு எடுக்க ஆளில்லாம லைன் கட் ஆகும், ஆபீஸ் மொத்தமும் எந்திரிச்சு வந்து என்னையப் பாக்கும். அடுத்து ஒரு செக்யூரிட்டி அப்டேட்டுக்காக கெர்னல (லினக்ஸோட மையப் பகுதிய) மாத்தினப்போ அந்த டிரைவர் மாட்யூல் லோடே ஆகமாட்டேன்னுடுச்சு. ஒண்ணு ஓட்டையோட பழைய கெர்னல், இல்ல நெட் இல்லாத புதுக் கெர்னல். கடைசியில முதல்ல சீட்டுல எழுதின அதே சீரியல் மோடத்தத்தான் வாங்குனாங்க. பாதி வெலைன்னு ஆரம்பிச்சது ஒண்ணரை வெலையில முடிஞ்சுது.

டிரைவர் எப்படியும் வந்துடும்னு நம்பி வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கோனெக்ஸன்ட் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர வித்தாங்க, அதுல இலவச வெர்ஷன் 14.4 கிலோபிட்டத் தாண்டாது. 56கே கார்டு வாங்கி 14.4-ல ஓட்டுறதுக்குப் பேரு சிக்கனமா?

வாங்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுடலாம். டப்பாவுல 'விண்டோஸ் தேவை, குறைஞ்சது இந்த வேக பென்டியம் தேவை'ன்னு போட்டிருந்தா கீழ வச்சுடுங்க, நெஜ மோடம் எதுக்குங்க உங்க சிபியு வேகத்தக் கேக்குது? கார்டக் கையில எடுத்துப் பாக்க விட்டா, ரெண்டு மூணு பெரிய சிப்பு இருக்கான்னு பாருங்க, பாதி கார்டு காலி மைதானமா இருந்தா சந்தேகம்தான். பிசிஐ-க்கு முந்தின பழைய ஐஎஸ்ஏ கார்டுல காம் போர்ட் மாத்துற ஜம்பர் இருந்தா நல்ல சகுனம். பிசிஐ-லயும் நெஜ மோடம் இருக்கு, யுஎஸ் ரோபோடிக்ஸ் 5610 மாதிரி, அது எல்எஸ்பிசிஐ-ல 'சீரியல் கண்ட்ரோலர்'னு காட்டும். இதெல்லாம் பாக்கப் பொறுமை இல்லன்னா, தனி அடாப்டரோட சீரியல் கேபிள்ல மாட்டுற வெளி மோடம், அவ்ளோதான். யுஎஸ்பி-ல மாட்டுறது வெளில இருக்குங்கிறதுக்காக நம்பிடாதீங்க, அதுலயும் இதே ஏமாத்து உண்டு, சிடிசி ஏசிஎம் (யுஎஸ்பி மோடத்துக்கான பொது ஸ்டாண்டர்ட்) வகையான்னு கேட்டு வாங்குங்க.

நல்ல மோடம், மட்டமான சீரியல் போர்ட்

486 மெஷின்ல வெளி மோடம் மாட்டிட்டு, டவுன்லோட் நடுநடுவுல தடுக்குதுன்னு மோடத்தத் திட்டுவாங்க. சீரியல் போர்ட்ட நடத்துற சிப்புக்கு யுவார்ட்னு பேரு, பழைய 8250, 16450 யுவார்ட்ல ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். 115200 வேகத்துல ஒரு பைட் வர்றதுக்கு சுமார் 87 மைக்ரோசெகண்ட், அதுக்குள்ள சிபியு எடுக்கலைன்னா அடுத்தது வந்து அத அழிச்சுடும். 16550ஏ-ல 16 பைட் பஃபர் இருக்கு. பூட் ஆகும்போதே கெர்னல் எந்த யுவார்ட்னு சொல்லிடும், பாத்துக்கங்க. அப்புறம், போர்ட் வேகத்துல 56000-ன்னு எழுதி வைக்காதீங்க சாமி, அப்படி ஒரு வேகமே சீரியல் போர்ட்ல கிடையாது, 57600 போடுங்க, இல்லன்னா 115200.

காம்1-ல மவுஸ், காம்3-ல மோடம்

காம்1, காம்3 ரெண்டு சீரியல் போர்ட்டுக்கும் சிபியுவக் கூப்பிடுற லைன் ஒண்ணுதான், ஐஆர்க்யூ 4. மவுஸ ஆட்டினா நெட் நிக்கும்.

சும்மா கொடுத்தாங்கன்னு யுஎஸ்பி ஏடிஎஸ்எல் (போன் லைன் பிராட்பேண்ட்) மோடம்

டயல்அப்புலேர்ந்து தப்பிச்சு வந்தவங்க நேரா மாட்டின எடம் இது. கனெக்ஷனோட அப்ப இலவசமா வந்த அந்தக் குட்டி யுஎஸ்பி மோடம், ஒவ்வொரு தடவ மாட்டும்போதும் கம்ப்யூட்டர்லேர்ந்து ஃபர்ம்வேர் (மோடத்துக்குள்ள ஓடுற புரோகிராம்) கேக்கும், லைன்ல வர்ற குட்டிக் குட்டி ஏடிஎம் செல்ல (டேட்டாத் துண்ட) கோத்து பாக்கெட் ஆக்குற வேலையும் உங்க சிபியுவுக்குத்தான். பழைய வின்மோடம் கதையே, சட்டை மட்டும் வேற. ஈதர்நெட் போர்ட் இருக்கிற மோடம் கேட்டு வாங்குங்க, கூடக் கொஞ்சம் காசு கேட்டாலும் பரவால்ல. பிபிபிஓஈ (ஏடிஎஸ்எல்ல பேர், பாஸ்வேர்ட் கொடுத்து லாகின் பண்ற முறை) போட்டப்புறம் பிங் போகுது, ஆனா சில சைட் மட்டும் தொறக்காம தொங்குதுன்னா மோடத்தத் திருப்பிக் கொடுக்க ஓடாதீங்க, எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) அங்க 1500 கிடையாது, 1492, லினக்ஸோட ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்ல பாக்கெட் அளவ அதுக்குள்ள அடக்குற எம்எஸ்எஸ் கிளாம்ப் ஒரு வரி போட்டா சரியாயிடும்.

நெட்வொர்க் கார்டு

3காம் 3சி905, இன்டெல் புரோ 100, டெக் டியூலிப். இதுல எது கெடச்சாலும் எடுங்க, யோசிக்கவே வேணாம். ரியல்டெக் 8139-உம் ஓடும், சிபியுவ கொஞ்சம் கூடத் திங்கும்.

மாடல் பேர மட்டும் பாத்து வைஃபை வாங்குறது

டப்பாவுல இருக்கிற பேருக்கும் உள்ள இருக்கிற சிப்புக்கும் சம்பந்தம் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. டி-லிங்க் டிடபிள்யூஎல்-650 முதல்ல பிரிசம் சிப்போட வந்துச்சு, லினக்ஸ்ல ஜம்முன்னு ஓடும். பக்கத்துலயே 650 பிளஸ்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப், வேற டிரைவர், வேற தலைவலி. பிளஸ்னா இன்னும் நல்லா இருக்கும்னு எடுத்துட்டு வந்துடுவாங்க.

ரவுட்டர்லயும் அதே கதைதான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி நாலாவது வெர்ஷன் வரைக்கும் உள்ள லினக்ஸ், 4 எம்பி ஃப்ளாஷ். 2005-ல வந்த அஞ்சாவது வெர்ஷன்ல லினக்ஸுக்குப் பதிலா விஎக்ஸ்வொர்க்ஸ்னு வேற சிஸ்டம், ஃப்ளாஷ் 2 எம்பி, ரேம் 8 எம்பி, அதுல ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போடலாம்னு நெனைக்கவே வேணாம். பழைய லினக்ஸ் வேணும்கிறவங்களுக்காக அதே வருஷம் டபிள்யூஆர்டி54ஜிஎல்-ன்னு தனியா விட்டாங்க. செகண்ட்ஹேண்ட்ல வாங்குறப்போ முன்பக்க போட்டோ அனுப்பினா போதாது, பெட்டியத் திருப்பி அடியில ஒட்டியிருக்கிற லேபிள்ல வெர்ஷன் நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ கேளுங்க. அனுப்ப மாட்டேன்னு இழுத்தடிச்சா அது அஞ்சாவது வெர்ஷன்தான்.