சுண்ணாம்பில் வெந்த சோளம், கரியில் வாட்டிய கறி: வீட்டிலேயே டோர்ட்டியா செய்யும் முறை

கடையில் வாங்கிய மக்காச்சோள மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்துச் சுட்டால் மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியா வந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உருண்டையை அழுத்தியதுமே விளிம்பெல்லாம் வெடித்தது. கல்லில் போட்டதை எடுக்கும்போது நான்கு துண்டாக உடைந்தது. கோதுமை மாவை இழுபடச் செய்யும் குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை என்பதால், அதைச் சேர்த்துப் பிடிக்க வேறொன்று வேண்டும். மெக்சிகோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் குறைந்தது 3000 ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வருவது சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீரில் வெந்து ஊறும்போது மணியின் மேல்தோல் கரைந்து பசையாகிறது, கால்சியம் உள்ளே இறங்குகிறது, அரைத்த மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். அதை அரைத்தால் கிடைக்கும் மாவு மாசா.

சுண்ணாம்பைச் சேர்ப்பது பக்குவத்துக்காக மட்டும் அன்று. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் பி3 வைட்டமின் நம் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அதை விடுவிக்கிறது. இந்தச் செய்முறையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துச் சென்ற ஐரோப்பாவில், சோளத்தையே முழு உணவாக நம்பியிருந்த ஸ்பெயின், இத்தாலி ஏழைகளிடையே 18ஆம் நூற்றாண்டில், நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா என்னும் நோய் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை நடந்தது. ஆகவே, நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சோளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேக வைத்துத் தின்னும் ஸ்வீட் கார்னும், பாப்கார்னுக்கு விற்கப்படும் மணியும் இதற்கு உதவா. முற்றிக் காய்ந்த வெள்ளை அல்லது மஞ்சள் மக்காச்சோளம் வேண்டும். தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல் பக்கங்களில் இது நிறையவே விளைகிறது. ஆனால் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போவதால், தீவனக் கடை மூட்டையில் பூஞ்சை பிடித்த மணிகள் கலந்திருக்கக்கூடும். உணவுக்கென்று சுத்தம் செய்து விற்கப்படுவதையே வாங்கி, கறுத்த மணிகளைப் பொறுக்கி எறியுங்கள். விதைக்கென்று நிறம் பூசி விற்கப்படும் மணியில் பூச்சி மருந்து இருக்கும். அதைச் சமையலறைக்குள்ளேயே கொண்டு வரக்கூடாது.

அரைக் கிலோ சோளத்துக்கு 5 கிராம் சுண்ணாம்புத் தூளும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் போதும். அதாவது, சோளத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு. உணவுத் தரமுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் கிடைத்தால் அளப்பது எளிது. கிடைக்காவிட்டால், வாசனையும் நிறமும் சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாம். அது குழைவாக இருப்பதால் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும், தண்ணீர் பட்டதும் கொதிக்கும் சுட்ட சுண்ணாம்புக் கல்லும் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தையோ மண் சட்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து அடுப்பில் வைத்து, கழுவிய சோளத்தைக் கொட்டினால், வெள்ளைச் சோளமாக இருந்தாலும் சில நிமிடங்களில் மஞ்சளாக மாறும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பட்டாற்போல ஒரு வாசனை எழும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 35 முதல் 45 நிமிடம் வரை மெதுவாக வேக விடுங்கள். இங்கே கடிகாரத்தைவிட விரல்களை நம்புவது நல்லது. ஒரு மணியை எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, இரு விரலுக்கிடையே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி ஒன்று சிறிதாகத் தெரிய வேண்டும். அந்தப் புள்ளியும் மறையும் வரை வேக விட்டால் மாவு களி போல ஆகிவிடும். அடுப்பை அணைத்து, மூடி வைத்து, இரவு முழுதும் ஊற விடுங்கள்.

மறுநாள் காலையில் அந்த மஞ்சள் நீரை வடித்துவிட்டு, இரண்டு மூன்று முறை கசக்கிக் கழுவ வேண்டும். தோல் முழுவதையும் நீக்கிவிட வேண்டும் என்று பாடுபட வேண்டாம். கொஞ்சம் தங்கியிருக்கும் தோலின் பசைதான் மாவைப் பிடித்து வைக்கிறது.

அரைப்பதுதான் கடினமான பகுதி. மெக்சிகோவில் இதற்கென்றே இருக்கும் மெத்தாத்தே என்னும் எரிமலைக் கல் பலகையைப் பார்த்தால் நம் வீட்டு அம்மிதான் நினைவுக்கு வரும். மண்டியிட்டு அமர்ந்து, குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். அம்மி இருப்பவர்கள் தயங்காமல் அதிலேயே அரையுங்கள், இதைவிட நல்ல கருவி கிடைக்காது. கிரைண்டரில் போட்டால் கல் சுற்றுவதற்கே தண்ணீர் நிறைய விட வேண்டியிருக்கும், பிறகு மாவு தோசைப் பதத்துக்குப் போய்விடும். மிக்ஸியில் அரைப்பதானால் ஒரு முறைக்கு ஒரு கைப்பிடிதான். தண்ணீரைக் கரண்டியால் தெளித்து, விட்டு விட்டு ஓட்டி, நடுநடுவே வழித்துவிட வேண்டும். அரைத்ததை ஒரு முறை அம்மியில் இழுத்துவிட்டால் மென்மை தனியாகத் தெரியும்.

மாவைப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு நெல்லிக்காய் அளவு உருட்டி உள்ளங்கையில் அழுத்துங்கள். விளிம்பு வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் கூடிவிட்டது. இரண்டும் இல்லாமல், காது மடலைத் தொட்டாற்போல மெத்தென்று இருப்பதே சரியான பதம். உப்பு சேர்க்கும் வழக்கம் அங்கே பொதுவாக இல்லை.

சுமார் 30 கிராம் உருண்டையைக் கனமான பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, அழுத்தும் கருவியாலோ அடி தட்டையான கனத்த பாத்திரத்தாலோ அழுத்தினால் 14 செண்டிமீட்டர் அகல வட்டம் கிடைக்கும். மேல் தாளை உரித்து, வட்டத்தைக் கைமேல் கவிழ்த்து, மற்ற தாளையும் உரியுங்கள். தோசைக்கல்லை எண்ணெய் தடவாமல் நன்றாகக் காய வைத்திருக்க வேண்டும். முதல் பக்கம் 15 நொடி, விளிம்பு கல்லை விடும் வரை மட்டும். திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும் வரை. மறுபடி திருப்பி நடுவில் துணியால் மெல்ல அழுத்தினால், உள்ளிருக்கும் ஆவி அதைப் பூரி போல உப்ப வைக்கும். முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டால் உப்பாது என்பதை நான் பல டோர்ட்டியாக்களை இழந்த பிறகுதான் கண்டுகொண்டேன். சுட்டவற்றைத் துணியில் சுற்றி ஹாட் பேக்கில் கால் மணி நேரம் அடுக்கி வைத்தால் தங்கள் ஆவியிலேயே மென்மையாகும். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்தால் விறைப்பாகத்தான் இருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தில் கறியை வாட்டலாம். வட மெக்சிகோவின் சோனோரா போன்ற மாநிலங்களில் மாட்டிறைச்சியை மெல்லிய தகடுகளாக வெட்டி, உப்பு தடவி, மெஸ்கீட் மரக் கரியில் சுடுவது வழக்கம். அங்கே பெரும்பாலும் கோதுமை டோர்ட்டியாவோடு உண்பார்கள். எனக்கு அந்தப் புகை மணம் சோளத்தோடுதான் ஒட்டுகிறது. மெஸ்கீட் என்பது நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் சூளையில் எரித்து மூட்டையாக விற்கும் அந்தக் கரி இதற்கு அப்படியே பொருந்தும்.

கோழியானால் எலும்பு நீக்கிய தொடைக்கறி நல்லது. முக்கால் கிலோவுக்கு ஊற வைத்த 4 காய்ந்த மிளகாய், 6 பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வறுத்த சீரகம், தேவையான உப்பு ஆகியவற்றை 2 எலுமிச்சையின் சாறு விட்டு அரைத்துத் தடவி, ஒரு மணி நேரம் வைத்தால் போதும். இரவெல்லாம் வைத்தால் புளிப்பு சதையைக் குழைத்துவிடும். கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகு அதை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கனலுக்கு மேல் இரு புறமும் நிறம் ஏறியதும் கறியைக் கனலில்லாத பக்கத்துக்கு நகர்த்தி, உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் எட்டும் வரை மூடி வைக்கலாம். இதை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ செய்ய வேண்டும். அடைத்த பால்கனியில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அது உயிருக்கே ஆபத்து.

கறி இறங்கியதும் அதே கனலில் 4 தக்காளி, ஒரு வெங்காயம், 3 பச்சை மிளகாய் ஆகியவற்றைத் தோல் கருகச் சுட்டு, உப்போடு அம்மியில் நசுக்கினால் தொட்டுக்கொள்ள சல்சா தயார். கறியை 5 நிமிடம் ஆற விட்டுப் பொடியாக நறுக்கி, டோர்ட்டியாவில் வைத்து, நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மடித்துக் கையாலேயே சாப்பிடுங்கள்.

மிஞ்சிய டோர்ட்டியா மறுநாள் விறைத்திருக்கும். தண்ணீர் தெளித்துச் சூடான கல்லில் போட்டால் மீளும். அதுவும் வேண்டாம் என்றால் முக்கோணமாக வெட்டி, சற்று உலர விட்டு, எண்ணெயில் பொரித்து, மிச்சமிருக்கும் சல்சாவோடு மாலையில் வைக்கலாம்.