சூப்பர்மேன் டிஸ்க்க குறை சொல்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

1978ல வந்த சூப்பர்மேன், ரிச்சர்ட் டோனர் எடுத்தது, கிறிஸ்டபர் ரீவ் நடிச்சது. இந்தப் படத்தோட டிஸ்க்க பத்தி நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் ஆளுங்க பேச ஆரம்பிச்சா ஒருத்தர் அருமைங்கிறாரு இன்னொருத்தர் காசு வேஸ்ட்டுங்கிறாரு, கடைசியில பார்த்தா ரெண்டு பேரும் பார்த்தது ஒரே படமே இல்ல. ஒருத்தர் மனசுல பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, வாங்குன பழைய விசிடி, இன்னொருத்தர் பார்த்தது மவன் கோலாலம்பூர்லருந்து கொண்டாந்த 4கே, அதான் ப்ளூரேவ விட தெளிவான புது டிஸ்க். இந்தப் படத்து மேல உசுரா இருக்கிறவங்க நம்ம ஊருல நெறைய பேரு, அதான் அநியாயமா அது பேரு கெடுறது எனக்குப் பொறுக்கல.

முதல் தப்பே வெர்ஷன் பார்க்காம பேசுறதுதான். தியேட்டர்ல ஓடுனது 143 நிமிஷம். 2001 டிவிடியில வந்தது 151 நிமிஷம், டோனர் ஒத்துக்கிட்டு சில சீன சேர்த்தது, 2006ல வந்த முதல் ப்ளூரேயும் அதே 151தான். 2017ல ஒன்னு வந்துச்சு 188 நிமிஷம், அத டைரக்டரே தன் விருப்பப்படி தொகுத்த டைரக்டர் கட்டுன்னு நினைச்சு வாங்குறவங்க இருக்காங்க, இல்லங்க, அது 1982ல அமெரிக்கா டிவியில ரெண்டு ராத்திரி ஓட்டுறதுக்காக இழுத்தது, டோனருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. "படம் இழுவை"ன்னு சொல்றவங்க இதப் பார்த்துட்டு சொல்றாங்களான்னு முதல்ல கேளுங்க. 2018ல வந்த 4கே டிஸ்க்ல இருக்கிறது 143 நிமிஷ தியேட்டர் வெர்ஷன் மட்டும்தான், அதனால அந்த எக்ஸ்ட்ரா சீன் எங்கன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

இதுலயே இன்னொரு குழப்பம். டிவிடி கவர்ல 137 நிமிஷம்னு இருந்தா உடனே சென்சார்ல வெட்டிட்டான்னு முடிவு பண்ணிடுறாங்க. நம்ம ஊரு சென்சார பார்த்துப் பார்த்து வர்ற சந்தேகம், அத தப்பு சொல்ல முடியாது. ஆனா சினிமா ஓடுறது செகண்டுக்கு 24 ஃப்ரேம், நம்ம ஊரு டிவி முறையான PALல வர்ற டிவிடி ஓடுறது 25, அதனால அதே படம் கொஞ்சம் வேகமா ஓடி 137 நிமிஷத்துல முடிஞ்சிடும், ஒரு சீனும் போயிருக்காது, குரல் மட்டும் லேசா ஏறிக் கேக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். "படம் மங்கலா இருக்கு, ஃபோகஸ் இல்ல, 4கேன்னு ஏமாத்துறான்." இத சொல்லாத ஆளே இல்ல. கேமரா பிடிச்சவரு ஜெஃப்ரி அன்ஸ்வொர்த், அவரு வேணும்னேதான் லென்ஸ் முன்னாடி ஃபில்டர் போட்டு வெளிச்சத்த பரவ விட்டு எடுத்தாரு. அந்தக் கோதுமை வயல் சீன பாருங்க, அம்மாவும் புள்ளையும் நிக்கிற இடம், கனடாவுல ஆல்பர்ட்டா பக்கம் எடுத்தது, காலம்பற பால்மரத்து நெரையில பனி இறங்கி நிக்குமே அந்த மாதிரி வெளிச்சம் முகத்து மேல படிஞ்சு நிக்கும், அதுக்குள்ள கோதுமைக் கதிர் ஒவ்வொன்னும் தெரியும், நல்ல டிஸ்க்குனா அங்கதான் தெரியும். படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் செத்துட்டாரு, படத்தயே அவருக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க, அவரு ஆசையா செஞ்ச வேலைய டிஸ்க்கோட கோளாறுன்னு எழுதுனா எப்படி?

பறக்குற சீன்ல மட்டும் புள்ளி புள்ளியா இருக்குன்னு சொல்றாங்க, அது உண்மைதான், ஆனா அப்ப கம்ப்யூட்டர் கிடையாது, நெறைய ஷாட்ல தனித்தனியா எடுத்த ஃபிலிம ஒன்னு மேல ஒன்னா பிரிண்ட் போட்டு சேர்த்தாங்க, ஒவ்வொரு தடவ பிரிண்ட் போடுறப்பவும் கிரெய்ன், அதான் அந்தப் புள்ளி, ஏறும். சூப்பர்மேன் சட்டை சில ஷாட்ல பச்சை கலந்த நீலமா தெரியுறதும் அதே கதைதான், பின்னாடி நீலத் திரை வச்சு எடுக்குறப்ப அதே நீலத்துல சட்டை இருந்தா ஆளே காணாமப் போயிடுவாரு, அதனால வேற நீலம் போட்டாங்க. இந்த வேலைக்குத்தான் ஸ்பெஷலா ஆஸ்கார் குடுத்தாங்க. அத ஸ்மூத் ஆக்குறேன்னு டிவியில புள்ளிய அழிக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன ஏத்தி வச்சுட்டு அப்புறம் எல்லார் மூஞ்சியும் மெழுகு மாதிரி இருக்குன்னு புலம்பாதீங்க.

டிவி செட்டிங் பத்தி சொன்னா பக்கத்து வீட்டு அண்ணே கோவப்படுவாரு, பரவால்ல. அவரு டிவி வாங்குன நாள்லருந்து கலரயும் வெளிச்சத்தயும் ஏத்திக் காட்டுற விவிட் மோட்லதான் கிடக்குது, கூடவே அசைவ வழவழன்னு ஆக்குற மோஷன் ஸ்மூத்திங்கும் ஆன், படம் பார்த்தா டிவி நாடகம் மாதிரி ஓடுது. சூப்பர்மேன் பொறந்த கிரிப்டான் கிரகத்து சீன்ல அவரு அப்பாவா வர்ற மார்லன் பிராண்டோ போட்டிருக்கிற டிரெஸ் வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கிற துணியில தச்சது, அது பளிச்சுன்னு எரியணும் ஆனா மடிப்பும் தெரியணும், அண்ணே டிவியில வெறும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. சினிமா மோடுக்கு மாத்துனதும் மடிப்பெல்லாம் வந்துடுச்சு. டிஸ்க்கு அதே டிஸ்க்குதான்.

மேலயும் கீழயும் கருப்பு பட்டை இருக்குன்னு சூம் போடுறதும் வேணாம், படம் எடுத்ததே அகல ஸ்கோப்ல, சூம் போட்டா கிட்டத்தட்ட கால்வாசி படம் ரெண்டு பக்கமும் போயிடும். பழைய விஎச்எஸ் டேப்புல அப்படித்தான் வெட்டிக் குடுத்தான், அதப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது வித்தியாசமா தெரியும், அவ்வளவுதான்.

சத்தம் பத்தி மட்டும் குறை சொல்றவங்க பக்கம் நியாயம் இருக்கு. 2001 டிவிடிக்கு சவுண்ட் எஃபெக்ட் நிறைய புதுசா போட்டுட்டாங்க, ஆஸ்கார் நாமினேஷன் வாங்குன சவுண்ட மாத்துறதுக்கு என்ன அவசியம்னு கோவம் வரத்தான் செய்யும், எனக்கும் அதுதான். ஆனா அந்த டிவிடி கோவத்த தூக்கி 4கே மேல போடாதீங்க. அதுல தலைக்கு மேலருந்தும் சத்தம் வர்ற அட்மோஸ் மட்டும் இல்ல, சுத்தி அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பாஸ் ஸ்பீக்கரும் வச்சுக் கேக்குற 5.1 ட்ராக்கும் தனியா இருக்கு, ஜான் வில்லியம்ஸ் மியூசிக் ஆரம்பிக்கிற அந்த டைட்டில் ஓடுறப்பவே ஆடியோ மெனுவ தொறந்து ரெண்டையும் மாத்தி மாத்திக் கேளுங்க, கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

வாங்குறவங்களுக்கு ஒன்னு. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் லாக், அதான் குறிப்பிட்ட பகுதி பிளேயர்லதான் ஓடும்ங்கிற பூட்டு, கிடையாது, எந்த நாட்டுலருந்து வரவழைச்சாலும் ஓடும், ஆனா சாதா ப்ளூரே பிளேயர்ல போட்டா படிக்காது. ப்ளூரேன்னா நம்ம நாடு ரீஜன் ஏ, பிரிட்டன்லருந்து வர்றது ரீஜன் பி-யா இருக்கலாம், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கவர் பின்பக்கம் போட்டோ அனுப்பச் சொல்லி பார்த்துக்குங்க.