சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பெரியவர்கள் விடும் பிழைகள்

பலர் முன் சாப்பிடப் பதறும் பிள்ளையை அதட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். நாலு பேர் கூடியிருந்து சாப்பிட்டால் என் பெறாமகளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் முன்பு விட்ட பிழைகளையே இப்போது அயல் வீடுகளிலும் காண்கிறேன்.

கஞ்சிக் கதையைக் கோப்பைக்கு முன்னால் எடுப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது. பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் போதும், யாராவது 2009 இறுதிப் போரை எடுத்துவிடுவார்கள். மாத்தளன், முள்ளிவாய்க்கால், பதுங்குகுழி, அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சி, பிறகு மெனிக் பாம் முகாமில் தட்டோடு நின்ற வரிசை. "ஒரு பருக்கைக்கு நாங்கள் பட்ட பாடு தெரியுமா?"

சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பிள்ளைகள் அதை அறியத்தான் வேண்டும். ஆனால் பதறும் பிள்ளையின் காதில் அந்த நேரத்தில் அது குற்றச்சாட்டாகவே விழும். பதற்றத்தில் வாய் உலரும், இரைப்பை மந்தமாகும், குமட்டும். சோறு உண்மையாகவே இறங்காது.

அம்மம்மா ஒருநாள் இதைச் சொல்லி அழுதார். பெறாமகள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள், எல்லோருக்கும் திருப்தி. பின்வளவில் அவள் சத்தி எடுத்ததை யாரும் காணவில்லை. அதன்பின் "பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லப் பழகினாள். அந்தப் பழக்கத்தை விடுவிக்க மாதக்கணக்கானது.

"அம்மா, அந்தக் கதையைப் பின்னேரம் தேத்தண்ணீரோடு சொல்லுங்கள்" என்று அம்மம்மாவிடம் தனியாகச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். பசியைக் கண்டவருக்கு மிஞ்சிய சோற்றைப் பார்க்கப் பொறுக்காது. அவரையும் குறை சொல்ல முடியாது. இப்போது பின்னேரங்களில் சொல்கிறார். அவளே கேள்வி கேட்கிறாள்.

"இன்னும் இரண்டு வாய்"

என்று வற்புறுத்தாதீர்கள். எதை, எப்போது, எங்கே சாப்பிடக் கொடுப்பது என்பது பெரியவர் பொறுப்பு; எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எலின் சற்றர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பங்கீடு இது. புட்டையும் சொதியையும் நடுவில் வைத்துவிட்டுக் குளத்தில் தண்ணீர் வந்ததா என்று பேசுங்கள். அவளே போட்டுக்கொள்ளட்டும்.

எப்போதும் அறைக்குள் சாப்பாடு கொடுப்பது

இரக்கத்தில் செய்வது. ஆனால் ஒதுங்க ஒதுங்கப் பயம் கூடும். முதலில் ஒருவரோடு, பிறகு இருவரோடு இருந்து சாப்பிடப் பழக்குங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கோ சாமத்திய வீட்டுக்கோ போகுமுன், தாங்க முடியாவிட்டால் எப்போது எழுந்து போகலாம் என்பதை இருவரும் பேசி வையுங்கள்.

"மெலிந்துவிட்டாய்"

சொல்லாதீர்கள். "கொழுத்துவிட்டாய்" என்பதும் வேண்டாம்.

நாவூறு கழித்ததோடு இருந்துவிடுவது

கழியுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். நிறை குறைந்தால், தலைசுற்றி விழுந்தால், மாதவிடாய் நின்றால், தண்ணீரும் குடிக்க மறுத்தால் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.