பியானோ வாசிக்கிறப்போ கை வலிச்சா உடனே நிறுத்திடுங்க

கிரேடு எக்ஸாம் கிட்ட வந்ததும் ஒரே மூச்சா ரெண்டு மணி நேரம் உக்காந்து வாசிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். முதல்ல ஸ்டூல் உயரத்த பாருங்க. கீ மேல கை வச்சா முழங்கை கீ மட்டத்துக்கு இருக்கணும், ஒரு துளி மேல இருந்தாலும் பரவால்ல, ரொம்ப கீழ தொங்குச்சுன்னா மணிக்கட்டு மடங்கி வலி அங்கதான் ஆரம்பிக்கும். சின்ன பசங்களுக்கு கால் தரையில எட்டலன்னா ஒரு பலகை போட்டு விடுங்க, கால் அந்தரத்துல தொங்குனா முதுகும் தோளும் தானா இறுகிடும்.

இன்னொண்ணு, கீ அடி வரைக்கும் இறங்கிட்டா உள்ள இருக்குற சுத்தியல் கம்பிய அடிச்சுட்டு திரும்பிடும், அதுக்கப்புறம் நீங்க எவ்ளோ அமுக்குனாலும் சத்தம் அதிகமாகவே ஆகாது, விரல்தான் வீணா நோகும், அதனால சத்தம் வந்த நொடியே கைய லூஸ் விட்டுடுங்க. ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்வரத்தையும் அதே ஸ்வரத்தோட எட்டாவது மேல் கீயையும் ஒரே கையால சேத்து வாசிக்கிறப்போ இது ரொம்ப முக்கியம், சின்ன கைய விரிச்சபடியே வச்சிருந்தா கட்டைவிரல் அடி பிடிச்சுக்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடங்க.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் எவ்ளோ பெரிய ஆளு, அவரே 1830கள்ல வலது கை விரல் கெட்டுப்போய் மேடைல வாசிக்கிற ஆசைய விட வேண்டியதாச்சு. வலி பொறுத்து வாசிச்சா விரலுக்கு பலம் வரும்னு யார் சொன்னாலும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. மரத்துப்போறது, ஊசி குத்துற மாதிரி இருக்கறது தொடர்ந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, தைலம் தேச்சுட்டு மறுபடி உக்காராதீங்க.