குமரி மாவட்ட வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்

குமரி மாவட்ட வீடுகளில் வெந்நீர் பெரும்பாலும் குளிப்பதற்கே தேவைப்படுவதால், மொட்டை மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரையே முதலில் கருத வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 100 லிட்டர் கொள்ளளவு பொதுவாகப் போதும். வாங்கும் முன், காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மாடியில் தென்னை நிழல் எங்கெங்கு விழுகிறது என்று கவனியுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கருவி தெற்கு நோக்கி இருப்பதும் அவசியம்.

தட்டைத் தகடு, கண்ணாடிக் குழாய் என்னும் இரு வகை ஹீட்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, விலையை விட நீரின் தன்மையே முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் கிணற்று நீர் கடினமாக இருந்தால், தட்டைத் தகடு வகையின் குறுகிய செம்புக் குழாய்களில் உப்புப் படிந்து நீரோட்டம் தடைபடும் என்பதால், அங்கே கண்ணாடிக் குழாய் வகையே ஏற்றது. அந்தக் குழாய்களையும் இடையிடையே கழுவ வேண்டும். உப்புக் காற்றைத் தாங்க, தாங்குசட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு, தான் கரைந்து தொட்டியை அரிப்பிலிருந்து காப்பது. அது தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆகவே மேகமூட்டமான நாள்களுக்கென மின்சூடேற்றியைத் தனிச் சுவிட்சுடன் பொருத்தி, வெயில் நாள்களில் மறவாமல் அணைத்து வையுங்கள்.

தோட்டம் உள்ளவர்கள் சிரட்டை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), ரப்பர் விறகு ஆகியவற்றை, புகைபோக்கி உள்ள வெந்நீர் அடுப்பில் எரிக்கலாம். புகைபோக்கி இல்லாத அடுப்பை வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.