எந்தப் பாரதத்தில் இருக்கிறது? கற்பனை உலகத்தைப் பற்றி வாதாடப் பழகுவோம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலூர் கோட்டை அகழி ஓரத்தில் நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வருகிறவர்கள். ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தன் கதைகளில் படைத்த மிடில் எர்த் என்ற கற்பனை உலகம் என்றால் எல்லோருக்கும் உயிர். போன மாதம் புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். வந்த அன்றே “பால்ராக்குக்கு இறக்கை உண்டா?” என்று ஒரு தம்பி கேட்டான். பால்ராக் என்பது நெருப்பும் நிழலுமாக வரும் பூதம். முக்கால் மணி நேரம் கத்தலிலேயே போனது. ஒருவர் படத்தில் பார்த்ததைச் சொன்னார், இன்னொருவர் யூடியூபில் கேட்டதைச் சொன்னார். புத்தகம் ஒரு அக்காவின் பையிலேயே இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை. அவ்வளவு ஆசையோடு வந்தவர்கள் முகம் வாடிக் கிளம்பியது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கற்பனை உலகத்தின் ரசிகராக இருந்தாலும் இந்த முறை உதவும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நோட்டில் எழுதுங்கள், வாயால் சொன்னால் போதாது. “பால்ராக் எப்படிப்பட்டது?” என்று எழுதினால் ராத்திரி முழுக்கப் பேசலாம், ஒரு பதிலும் கிடைக்காது. “மோரியா என்ற பாதாள நகரத்தின் பாலத்தில் நின்ற பால்ராக்குக்கு உடம்போடு ஒட்டிய இறக்கை இருந்ததா?” என்று எழுதினால் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பறந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி வரி.

படி 2: “எந்தப் பாரதத்தில்?” என்று கேளுங்கள்

இதை நான் எங்கள் ஊரில் கற்றுக்கொண்டேன். அணைக்கட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கடைசியில் களிமண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம், அப்புறம் தீமிதி. அரவான் களப்பலி நடந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் டீக்கடையில் ஒரே வாக்குவாதம். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த ஒரு அண்ணன், “மகாபாரதத்தில் அரவான் பலி கிடையாது, அவன் சண்டையில் செத்தான்” என்றார். கூத்தைப் பார்த்துவிட்டுத் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பாரதம் படிக்கிற பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எந்தப் பாரதத்துல இல்ல?”

அத்தோடு சண்டை அடங்கியது, பேச்சு ஆரம்பித்தது. வியாசர் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனோடு மோதிச் சாகிறான். போருக்கு முன்னால் காளிக்குத் தன்னையே பலி கொடுக்கும் அரவான் வில்லிபுத்தூராரிடம் இருக்கிறான். அவருக்கும் முன்னால் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி உண்டு. நம் கூத்து அந்த வழியில் வந்தது. ஆக, அண்ணன் சொன்னதும் சரி, ஊர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் வெவ்வேறு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள்.

டோல்கீன் விஷயத்திலும் ஏடு ஒன்றல்ல. அவர் உயிரோடு இருந்தபோதே அச்சில் வந்தவை முதல் அடுக்கு: 1937இல் ‘ஹாபிட்’, 1954லும் 1955லுமாக மூன்று பாகங்களில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. 1973இல் அவர் இறந்த பிறகு, மகன் கிறிஸ்டோஃபர் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து 1977இல் ‘சில்மரில்லியன்’ கொண்டுவந்தார். இது இரண்டாம் அடுக்கு. எந்த வடிவத்தை எடுப்பது, எதை விடுவது என்பதை அதில் மகன்தான் முடிவு செய்தார். மூன்றாவது, 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வந்த வரைவுகளும் குறிப்புகளும். 1981இல் வந்த கடிதத் தொகுப்பைத் தனியாக வையுங்கள். படங்களையும் தொடர்களையும் ஒதுக்க வேண்டாம், ஆனால் அவை கூத்து மேடை மாதிரி, அவற்றுக்கென்று ஒரு பாரதம் உண்டு. யாராவது ஒன்றைச் சொன்னால், அது எந்த அடுக்கு என்று நோட்டில் பக்கத்திலேயே குறியுங்கள்.

படி 3: பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படியுங்கள்

ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’இல் பால்ராக் பாலத்துக்கு வரும் இடத்தை அந்த அக்கா இரண்டாம் வாரம் படித்தார். முதலில், அதைச் சுற்றியிருந்த நிழல் இரண்டு பெரிய இறக்கைகளைப் போல நீண்டது என்று வருகிறது. அதற்குச் சில வரிகள் கழித்து, அதன் இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று இருக்கிறது. முதல் வரியில் ‘போல’ இருக்கிறது. இரண்டாவது வரியில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அணி இலக்கணம் படித்தோமே, அது இங்கே கைகொடுத்தது. ‘தாமரை போன்ற முகம்’ என்றால் உவமை. ‘முகத்தாமரை’ என்றால் உருவகம். முகத்தாமரை என்று சொன்னதற்காக யாரும் கழுத்தில் தண்டைத் தேடுவதில்லை. ஆகவே இரண்டாவது வரி, முதல் உவமையையே உருவகமாகத் தொடர்கிறது, விரிந்தது நிழல்தான் என்பது ஒரு கட்சி. “இல்லை அண்ணா, முதலில் இருட்டில் சரியாகத் தெரியவில்லை, அதனால் ‘போல’. கிட்டே வந்ததும் தெரிந்துவிட்டது, அதனால் ‘போல’ போய்விட்டது” என்றான் கேள்வி கேட்ட அதே தம்பி. எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் நிழல் கட்சி, இன்றைக்கும் அதுதான். ஆனாலும் அவன் சொன்னதை வரியிலிருந்து எடுத்துச் சொன்னான், படத்திலிருந்து இல்லை. போன மாதம் கத்திய பையன்தான் அவன்.

படி 4: இதைச் சொல்கிறவர் யார்?

புதியவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். கதைக்குள்ளேயே ஒருவர் கதையைச் சொல்கிறார் என்றால், அவர் பொய்யும் சொல்லலாம். ‘ஹாபிட்’ நாயகன் பில்போ கைக்கு ஒரு மாய மோதிரம் வந்த கதையைப் பாருங்கள். 1937 பதிப்பில் விடுகதைப் போட்டியில் தோற்றால், குகையில் வாழும் கொல்லம் என்ற பிராணி பில்போவுக்குத் தரவேண்டிய பரிசே அந்த மோதிரம். அதைத் தேடிக் காணாமல் கொல்லம் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வெளியே போக வழி காட்டுகிறது. அப்புறம் அந்த மோதிரம் உலகத்தையே அழிக்கக்கூடிய பொருளாகக் கதை வளர்ந்தது. அப்படிப்பட்ட மோதிரத்தைக் கொல்லம் பரிசாகத் தர ஒப்புக்கொள்ளுமா? டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி 1947இல் பதிப்பகத்துக்கு மாதிரிக்காக அனுப்பினார். 1951 பதிப்பில் அது அப்படியே சேர்ந்துவிட்டது. இப்போது பந்தயமே வழி காட்டுவது, கொல்லம் மோதிரத்தைத் தேடுவது கொல்வதற்காக.

பழைய பதிப்பை என்ன செய்வது? அடுத்த நூலான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’இன் முன்னுரைப் பகுதியில், முதலில் சொன்னது பில்போ தோழர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார். மோதிரம் அவன் மனசில் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அந்தப் பொய்யே முதல் அடையாளமாகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. ஆகவே இரண்டு பதிப்பு முரண்பட்டால், உடனே ஒன்றைக் குப்பையில் போடாதீர்கள். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று கேளுங்கள்.

படி 5: எழுதிய வரிசையில் அடுக்குங்கள்

ஆசிரியர் மனசு மாறும். தொடக்ககாலக் கதைகளில் பால்ராக்குகள் பெரும்படையாக வருகின்றன. பிற்காலக் குறிப்பொன்றில் மூன்று, மிஞ்சினால் ஏழுதான் இருந்திருக்க வேண்டும் என்கிறார். ஒருவர் முதலாவதையும் மற்றவர் கடைசியையும் சொல்லி மோதிக்கொள்ள வேண்டாம். எந்தக் காலத்தில் எழுதியது என்று போட்டு வரிசைப்படுத்தினால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

படி 6: ஊகத்துக்கு ஊகம் என்று பேர் வையுங்கள்

ஊகம் தப்பில்லை. எனக்கே நிறைய இருக்கின்றன. சொல்லும்போது “இது என் ஊகம்” என்று சொல்லிவிடுங்கள். நோட்டில் வேறு நிறத்தில் எழுதுங்கள். அப்புறம் வயசில் சின்னவர்களை முதலில் பேச விடுங்கள். எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் முதலில் பேசினால் தம்பி தங்கைகள் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

வரும் ஞாயிறு, டோல்கீன் கதைகளில் தீய சக்தியின் படையாக வரும் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியை எடுக்கிறோம். சிறைபிடிக்கப்பட்ட எல்ஃபுகளை (சாவில்லாத அழகிய இனத்தவரை) சிதைத்து உருவாக்கப்பட்டவர்கள் என்று 1977இல் வந்த ‘சில்மரில்லியன்’ நூலில் இருக்கிறது. பிற்காலக் குறிப்புகளில் டோல்கீன் அதிலேயே திருப்தி இல்லாமல் மனிதர்களிலிருந்து வந்தவர்களாகவும் யோசித்துப் பார்க்கிறார். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அகழி ஓரத்தில். நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா, முடிந்தால் புத்தகம்.